மனுசன்ரை சேட்டுகள்

லண்டனில், சட்டன் போகும் ரயிலில் எனக்கு எதிரே இரண்டு பெண்கள். இளையவரின் மடியில், சட்டைத் துண்டுகளை இணைத்துத் தைத்த தடித்த போர்வை.

“என்ரை மனுசன் செத்துப்போனார் எண்டு அந்த வெள்ளைக்காரி நினைச்சிட்டாள், அக்கா.”

“எந்த வெள்ளைக்காரி?”

“தையல் மெசின் கடை வைச்சிருக்கிறவள். மணிக்கணக்கிலை அவளின்ரை பெரிய மெசினை வாடகைக்கு எடுத்துத்தானே போர்வையைத் தைச்சு முடிக்கிறன். முழுக்க இவரின்ரை பழைய சேட்டுகள். கண்டதும் அழுதிட்டாள். இன்னும் ஒரு மணித்தியாலம் காசு வாங்காமல் தைக்க விட்டவள்.”

“வயிறு வண்டி வைச்சுப் பொத்தான் பூட்டேலாமல் போன சேட்டுகள் எண்டு சொல்லேல்லையோ?”

“அழுகிறவளிட்டை எப்பிடிச் சொல்லுறது? வாற சனி அவளிட்டை இதைவிடப் பெரிய போர்வை ஒண்டு தைக்க இருக்கு. பாரம். இவர்தான் தூக்கிக்கொண்டு வாறார்.”

மூத்தவர் அடுத்த ஸ்டேசன் வரும்வரை யோசித்தார்.

“உன்ரை அண்ணை எண்டு சொல்லு.”