ஐம்பது நிமிட மௌனத்தைக் கலைத்தவருக்கு

மணி ஒலிக்கும் முன்னே கதவு திறந்தவரே! கண்ணீரோடு வெளியேறியவர்களைக் கண்டும் காணாதிருந்த கண்ணியமே! முப்பத்து நான்கு ஆண்டுகள் முகம் கோணாமல், முணுமுணுக்காமல், இல்லை, நன்றாக முணுமுணுத்தபடியே எங்கள் உளப்பகுப்பாய்வுக் கழகத்தின் முன்னறையை ஆண்டு, இன்று பணி ஓய்வு பெறும் முன்னறை அம்மாவே! வணக்கம்.

தங்களைப் போற்றி எட்டுப் பத்திகள் எழுதி வைத்திருந்தோம். கருணைக் கடல், பொறுமையின் பொற்சிலை என்றெல்லாம் வரிக்கு வரி இருந்தது. போன வாரம் மேசையில் கிடந்த அதைப் படித்துவிட்டுத் தாங்கள், "மூஞ்சிக்கு நேரா இப்படிப் புகழ்ந்தீங்கன்னா நான் பாட்டுக்கு எழுந்து போயிடுவேன், சொல்லிட்டேன்" என்றீர்கள். செய்யக்கூடியவர்தான்! ஆகவே தங்களைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லப்போவதில்லை. வேறு யாரோ ஓர் அம்மையாரின் கதையைச் சொல்கிறோம். தாங்கள் சும்மா உட்கார்ந்து கேட்டால் போதும்.

அந்தக் காலத்தில் இந்த நகரத்தில் உளப்பகுப்பாய்வாளர்கள் மொத்தம் ஐந்தே பேர். வருபவர் சாய்மெத்தையில் படுத்து மனத்தில் தோன்றுவதைச் சொல்வார். இவர்கள் பின்னால் உட்கார்ந்து ஐம்பது நிமிடம் கேட்பார்கள். ஐவருக்கும் தலைவர் மூத்த டாக்டர். அந்தச் சாய்மெத்தையை வாங்கப் போனபோது கடைக்காரர், "வீட்ல யாருக்குங்க முடியல?" என்று கேட்க, "ஊருக்கே" என்று சொல்லிவிட்டு வந்தவர். அடுத்தவர் டீச்சர், பள்ளி வேலையை விட்டுவிட்டு இதற்கு வந்தவர். ஒருவரிடம் ஒருவர் மனம் திறந்துதான் தொழில் கற்றார்கள் என்பதால், ஐவருக்குள்ளும் கொண்டான் கொடுத்தான் உறவுபோல அன்பும் இருந்தது, முறுக்கும் இருந்தது.

நம் அம்மையார் தட்டச்சு வேலைக்கு வந்தவர். உள்ளே வர ஒரு கதவு, வெளியே போக ஒரு கதவு. வருபவரும் போகிறவரும் ஒருவரையொருவர் பார்த்துவிடாமல் காப்பது அவர் பொறுப்பு. பெரிய கட்டணம் கொடுக்க முடியாமல் காத்திருந்தவர்களின் பெயர்களை வந்த வரிசைப்படி ஒரு நோட்டில் எழுதி வைத்தார். அதில் பதினெட்டாவது பெயர் அவருடைய தங்கையுடையது. குழந்தையைப் பறிகொடுத்த பிறகு வேலையை விட்டுவிட்டு, இரண்டு வருடமாக ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த தங்கை. நோட்டு அக்காவின் கையில்தான் இருந்தது. ஆனாலும் பதினெட்டைப் பதினேழாக்கக்கூட அவருக்குக் கை வரவில்லை.

அப்போது ஒரு நல்ல காலம் பிறந்தது. எளியவர்களுக்குச் சிகிச்சை நிலையம் நடத்தக் கீழ்த்தளத்தைத் தருகிறேன் என்றார் வீட்டுக்காரர். ஒரே நிபந்தனை: மாதக் கடைசிக்குள் ஐவரும் கையெழுத்திட்டுக் கழகமாகப் பதிவு செய்ய வேண்டும். இல்லாவிட்டால் இடம் கிடங்காகிவிடும்.

சனிக்கிழமை காலை ஐவரும் கூடினார்கள். வட்டமாக நாற்காலிகள். எல்லோர் மனத்திலும் ஒரே கேள்வி: மருத்துவம் படிக்காத டீச்சரும் கழகத்தில் சமமான உறுப்பினரா? அதை யார் முதலில் எடுப்பது? அடுத்தவர் தொடங்கட்டும் என்று காத்திருப்பதுதான் அவர்கள் தொழில். காத்திருந்தார்கள், காத்திருந்தார்கள்! ஐம்பதாவது நிமிடம் மூத்த டாக்டர், "சரி, இன்னைக்கு நேரம் ஆச்சு" என்றார். ஐவரும் எழுந்து போனார்கள். அடுத்த சனிக்கிழமையும் அதே கூத்து. அதற்கடுத்ததும் அப்படியே. "கூட்டம் நடந்தது. யாரும் பேசவில்லை" என்று மூன்று முறை தட்டச்சு செய்தார் அம்மையார்.

நான்காவதுதான் கடைசிச் சனிக்கிழமை. நாற்பதாவது நிமிடம்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்த அம்மையார், உள்ளே ஆள் இருக்கும்போது யாரும் எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாத அந்த அறைக் கதவைத் தட்டாமலே திறந்தார். கையில் நோட்டு.

"பேரைச் சொல்ல மாட்டேன். முதல் ஆள் பதினோரு மாசமா காத்திருக்கார். அடுத்தவர் பத்து மாசம். இப்படியே முப்பத்திரண்டு பேர். பதினெட்டாவது என் தங்கச்சி. அவங்கெல்லாம் பேசறதுக்குக் காத்திருக்காங்க. நீங்க அடுத்தவங்க பேசட்டும்னு காத்திருக்கீங்க. யாராவது ஒருத்தர் வாயைத் திறங்க, புண்ணியமாப் போகும்!"

மூத்த டாக்டர் பழக்கதோஷத்தில், "இதைச் சொல்லும்போது உங்க மனசுல என்ன தோணுதும்மா?" என்று கேட்டுவிட்டார்.

"கோபம் தோணுது சார். வேற என்ன தோணும்?"

டீச்சருக்குச் சிரிப்பு பீறிட்டு வந்தது. டாக்டரும் சிரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "டீச்சர், நீங்க டாக்டருக்குப் படிக்கலைங்கறதை நான்தான் மனசுல வெச்சு வளர்த்துட்டேன். தப்பு என்னோடது" என்றார். "அதை எங்கிட்டச் சொல்ல உங்களுக்கு நாலு வாரமா?" என்றார் டீச்சர். அன்று கூட்டம் மூன்று மணி நேரம் நடந்தது. கத்தினார்கள், கண்கலங்கினார்கள், கடைசியில் கையெழுத்தும் போட்டார்கள். இந்த நகரத்தில் மனத்தின் குரலுக்குச் செவிசாய்க்கும் கழகம் ஒன்று பிறந்தது அப்படித்தான்!

ஏழு மாதம் கழித்துப் பதினெட்டாவது பெயரின் முறை வந்தது. அம்மையார் மற்றவர்களுக்குச் சொல்வதுபோலவே தங்கையிடமும், "வாங்க, உட்காருங்க" என்றார். மூன்று வருடம், வாரத்துக்கு மூன்று நாள், உள்ளே விட்டார். வீட்டில் ஒரே தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிட்ட அக்கா, உள்ளே என்ன பேசினாய் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்காமலிருக்க அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும்.

கதை முடிந்தது அம்மா. இன்று ஒரு நாளைக்கு இருநூறு பேர் இந்த வீட்டுக்கு வருகிறார்கள். ஐந்து பேராக இருந்தவர்கள் அறுபத்தொருவர் ஆகிவிட்டோம். நாளை எழுபதாவோம் என்று நம்புகிறோம். நல்ல தூக்கமும் நடக்கும் வலுவும் யாருக்காகவும் கடிகாரம் பார்க்க வேண்டாத நாள்களும் தங்களுக்குப் பல்லாண்டு வாய்க்கட்டும்! இந்த மடல் அச்சுக்குப் போகுமுன் தங்கள் தங்கை வந்து, கடைசியில் தன்னுடையதாக இதையும் சேர்க்கச் சொன்னார். ஓர் எழுத்தும் மாற்றாமல் சேர்த்திருக்கிறோம்.

"அக்கா, நீ கேட்கவே இல்ல, அதனால நானே சொல்றேன். முதல் மூணு மாசம் உள்ளே போய் உன்னைத்தான் திட்டினேன். அழாதே, அழாதேன்னு சொல்லிட்டே இருந்தியே, அதுக்கு. திட்டித் தீர்த்த பிறகுதான் பாப்பாவோட பேரைச் சொல்லி அழ முடிஞ்சது. வெளிய வந்தா நீ ஒண்ணுமே தெரியாத மாதிரி டைப் அடிச்சுட்டு இருப்ப. அந்தச் சத்தம் கேட்டாத்தான் எனக்கு அடுத்த தடவையும் வரத் தைரியம் வரும்."

இவண்,
தங்களிடம் இன்றும் திட்டு வாங்கும்
கழகத்தார் அனைவரும்