சவரிநாதனுக்குப் பாராட்டு விழா

…நீயே படிச்சுப் பாருபா. நோட்டீஸ்ல எத்தினி பேரு? பந்தல் போடறவன் பேரு இருக்குது. சோடா சப்ளை ஆதிமூலம் பேரு இருக்குது. வில்லியனூர் கிரிக்கெட் டீம் கேப்டன் ஷேக் மைதீன் பேரு மட்டும் இல்ல. இதக் கொண்டாந்து என் சைக்கிள் கடை செவுத்துலயே ஒட்டணும்ன்ற. கமிட்டில ஒருத்தனுக்குக்கூடவா என் ஞாபகம் வரல? உக்காரு, ஒட்டலாம். இன்னா அவசரம்.

சவரிநாதன் ரஞ்சி டீமுக்குப் போயிட்டான், சந்தோஷம். எனக்கின்னா வயித்தெரிச்சலா? அவன் மொத மொத கையில புடிச்ச கார்க் பாலு யாருது? என்னுது. பேட்டு என்னுது, ஸ்டம்பு என்னுது… அந்த நன்றி இருந்தா, என் மாமனார் கரையாம்புத்தூர்லேர்ந்து ஆட்டம் பாக்க வந்து உக்காந்த அன்னிக்கி, மொத பால்லயே என்ன போல்டாக்குவானா? நோ பால்னு நானே சொல்லிட்டேன், அது வேற. அடுத்த பாலு மறுபடியும் நடு ஸ்டம்பு. மாமனார் குடைய எடுத்துகினு கெளம்பிட்டாரு.

அப்புறம் பாண்டி லீக்ல ஆடனான். மெட்ராஸ்ல ஒரு மில்லு கம்பெனி செலக்ஷனுக்குக் கூப்டாங்க. நாப்பது பேரு வந்தானுங்களாம். அவனும் நாலு பால போட்டுட்டு, டீய குடிச்சிட்டு ஊரு திரும்பியிருப்பான். ஆனா கம்பெனிக்கு ஒரு மொட்டக் கடுதாசி போயிருக்குது. 'இந்த ஆளு கைய மடக்கி மாங்கா அடிக்கிறான், இது பௌலிங்கே இல்ல'ன்னு. ஒடனே பெரிய ஆபீசருங்கல்லாம் எறங்கி வந்து, முழங்கை மடங்காம மூங்கி பட்டைய வெச்சிக் கட்டி, இப்ப போடுன்னுட்டாங்க. கட்டோடயே நாலு பேர அவுட்டாக்கினான். அன்னிக்கே வேல, அன்னிக்கே டீமு.

திரும்பி வந்து, நீ உக்காந்திருக்க எடத்துலதான் உக்காந்து சொல்றான். "அந்தக் கடுதாசி இல்லன்னா என்ன யாருண்ணே பாத்திருப்பாங்க? எழுதினது யாருன்னு தெரிஞ்சா மாலை போடுவேன்"னு. நான் டியூப தண்ணில முக்கிகினு தலைய குனிஞ்சிகினேன். சொல்ல முடியுமா? வாய் வரிக்கும் வருது… நின்னுடுது. ரெண்டு வருஷமா நிக்கிதுபா.

இன்னா அப்பிடி பாக்கற? ஆமாம்பா, நான்தான். கையெழுத்து தெரியக்கூடாதுன்னு எடது கையால எழுதினேன். ஒரு பக்கம் எழுத ஒரு நாள் ஆச்சு.

இன்னா, எழுந்துட்ட? நோட்டீஸ் ஒட்டலயா? சவரி வூட்டுக்கா போற… வேணாம்பா, நில்லு. சைக்கிளுக்குக் காத்தடிச்சித் தரேன், காசு வேணாம்…

ஏறிட்டான். ஏய், சொல்றதுன்னா பாதியில வுட்றாத. அவன் மாலை போடறேன்னான் பாரு, அதையும் ஞாபகப்படுத்து.