செம்மொழி கல்யாணப் பத்திரிகை

உக்காருங்க மாமா. பஸ்ல நின்னுக்கிட்டேதான் வந்திருப்பீங்க, ஃபேனுக்கு நேரா உக்காருங்க. முதலாளி பாய் சாப்பிடப் போயிருக்காங்க, பிரஸ்ல நான் மட்டுந்தான். புரூஃப்ல ஏதாச்சும் சரியில்லேன்னா, சாயந்திரம் நான் வீட்டுக்கு வந்ததும் சொல்லியிருக்கலாமே? ஓ... அத்தை முன்னாடி பேச வேணாம்னா? அதுவும் சரிதான்.

காட்டுங்க. ஆமா, தெரியுது. நம்ம செம்மொழி பேருக்குக் கீழ, மணமகள் அண்ணன் இனியவன்னு மட்டும் இருக்கு. முன்னாடி தெய்வத்திரு இல்ல. சம்பந்தி கேட்டாரா? கேக்கத்தானே செய்வாங்க. உசுரோட இருக்கறவரு பேரு மாதிரி போட்டிருக்கு, அண்ணன்காரன் எங்கேன்னு மண்டபத்துல நாலு பேரு கேட்டா என்ன பதில் சொல்றதுன்னு அவங்களுக்கும் இருக்கும்ல.

அது ஒண்ணுமில்ல மாமா, கம்ப்யூட்டர் பண்ற வேலை. ஜனங்க வாட்ஸ்அப்ல பேரு அனுப்புறதைப் பாக்கணுமே நீங்க. ரோஜாப்பூ பொம்மை, கும்பிடுற கை, நடுவுல போன் நம்பர், பின்னாடி வரிசையா புள்ளி. ஒண்ணொண்ணா கையால அழிச்சுக்கிட்டிருந்தா, வளைகாப்புக்குத்தான் கல்யாணப் பத்திரிகை போய்ச் சேரும். அதனால நானே ஒரு புரோகிராம் எழுதி வெச்சிருக்கேன். ரெஜெக்ஸ்னு சொல்லுவாங்க. எதைத் தூக்கணுமோ அதுக்கு ஒரு அடையாளம் எழுதிக் குடுத்துட்டா போதும். பொம்மை வந்தா தூக்கு. புள்ளி வரிசையா வந்தா ஒண்ணே ஒண்ணு வை. காலி இடம் நெறைய வந்தா ஒண்ணா சுருக்கு. நம்ம அத்தை நெல்லு தூத்துற மாதிரிதான், பதர் பறந்துடும், நெல்லு நிக்கும்.

அடையாளத்தைத் தப்பா எழுதினோம்னா நெல்லும் பறந்துடும். போன தையில ஒருத்தரு வந்தாரு, படிப்பெல்லாம் போட வேணாம்னுட்டாரு. பி.இ.ன்னு வந்தா தூக்குன்னு எழுதினேன். அவரு மச்சான் பேரு பி. இளங்கோ. ளங்கோன்னு அச்சாயிடுச்சு! பாய் என்னை ஒண்ணும் சொல்லல, அவங்க தலையிலேயே அடிச்சுக்கிட்டாங்க. இதுவும் அந்த மாதிரிதான் ஆயிருக்கும்.

டீ வந்துடுச்சு, எடுத்துக்குங்க. சர்க்கரை கம்மியாத்தான் சொன்னேன்.

அதை ஏன் மாமா எடுக்குறீங்க? அது குடவாசல் பார்ட்டியோட கார்டு. ஆமா... இருக்கு. பொண்ணோட தாத்தா பேருக்கு முன்னாடி தெய்வத்திரு இருக்குதான். அதே புரோகிராம்தான்.

புரோகிராம் அந்த வார்த்தையைத் தொடாது மாமா. அப்படி ஒரு வரியே நான் எழுதல. கையாலதான் அழிச்சேன்.

கொள்ளிடத்துல தண்ணி ஏறுதுன்னதும் படுகையில கட்டியிருந்த மாட்டை அவுக்கப் போனாரு உங்க மகன். மாடு வந்துடுச்சு. அணைக்கரை வரைக்கும் தேடினோமே, ஒரு துண்டாவது கெடச்சுதா? நாம இன்னும் காரியமே பண்ணலையே மாமா. அத்தை இன்னமும் அவருக்கு சோறு எடுத்து வெச்சுட்டுத்தான் மிச்சத்துல தண்ணி ஊத்துறாங்க. நான் பொட்டு வெச்சுக்கிட்டுத்தான் வேலைக்கு வர்றேன், ஊரு என்ன சொன்னாலும். இவ்வளவுக்கும் அப்புறம் அந்த வார்த்தையை நான் எப்படி அச்சுக்கு அனுப்புறது?

உங்க மேல கோவமில்ல மாமா. சத்தியமா இல்ல. நீங்க அனுப்புன மெசேஜை அப்படியே வெச்சிருக்கேன், பாருங்க. தெய்வத்திருன்னு அடிச்சிருக்கீங்க. அப்புறம் எவ்வளவு தூரத்துக்கு வெறுமனே காலி இடம். எங்கேயோ தள்ளித்தான் இனியவன்னு இருக்கு. ஸ்பேஸை அமுக்கிக்கிட்டே உக்காந்திருந்தீங்களா? தனியாவா?

காலி இடத்தை ஒண்ணா சுருக்குன்னு எழுதி வெச்சவ நான்தானே. கண்ணு மூடித் திறக்கறதுக்குள்ள அந்த வார்த்தையை இழுத்தாந்து அவரு பேரோட ஒட்ட வெச்சுடுச்சு. பெத்த உங்களாலயே சேத்து வெக்க முடியல, அது சேத்துடுச்சு மாமா. என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியல.

நான் நகந்துக்கறேன். இந்தாங்க கீபோர்டு. நீங்க அடிங்க, நான் தடுக்க மாட்டேன். அடிச்சீங்கன்னா இப்பவே அச்சுக்கு அனுப்பிடறேன்.

ஏன் மாமா எந்திரிச்சிட்டீங்க? டீயைக் குடிச்சுட்டுப் போங்க. சம்பந்திகிட்ட... மெஷின்ல கோளாறுன்னே சொல்லிடுங்க.