ஆளில்லா வண்டியை அனுப்பியவர்

பிள்ளையார்பாளையம் படிப்பக ஆண்டுவிழாவுக்குத் தலைமையேற்றிருக்கும் நெல் மண்டி வேணுகோபால் அவர்களே! அருகமர்ந்து அணிசெய்யும் ஆன்றோர்களே! தறியை நிறுத்திவிட்டுத் தமிழ் கேட்க வந்திருக்கும் தாய்மார்களே! எட்டாம் வகுப்பை எட்டிப் பார்த்துவிட்டு இறங்கிவந்த ஆதிகேசவனின் வணக்கம்.

‘ஆளில்லா வண்டி’ என்ற சொல்லுக்குப் பொருள் சொல்ல என்னை மேடையேற்றியிருக்கிறார்கள். பேச்சை எழுதியவள் என் மகள் காந்தா; தடுமாற்றம் மட்டும் சொந்தச் சரக்கு.

நிலவிலே ரஷ்யர் விட்ட வண்டி நகர்கிறது. ஏறினாரா ஒருவர்? இல்லை! அமர இடமுண்டா? இல்லை! ‘ஆளில்லா வண்டி’ என்கிறது பத்திரிகை. “தானாவே ஓடுதும்மா” என்றேன் மகளிடம். “அங்க ஆள் இல்லப்பா. இங்க உக்காந்துக்கினு ஓட்டறாங்களே, அவங்க யாரு?” என்றாள். விடை தெரியாத தந்தையர் செய்வதையே நானும் செய்தேன்: காப்பி கேட்டேன்.

என்ன ஜாஃபர் பாய், “நிலாவ விட்டு எறங்குப்பா” என்கிறீர்களா? இதோ, நம் தெருவிலேயே இறங்குகிறேன்.

சென்ற வெள்ளியன்று லோகாம்பாள் அம்மையார் தறியில் ஏற்றும் நெடுக்கிழையான பாவைத் தெருவில் நீட்டியிருந்தார். பட்டிழை பளபளக்க, பக்கத்தில் நின்று நான் நிலவு வண்டியைப் பற்றி முழங்கிக்கொண்டிருந்தேன். வந்தது ஒரு மாட்டு வண்டி, மூட்டைகளோடு. மேலே ஆளில்லை! கத்தினார் அம்மையார். ஓடினேன் நான், வண்டியை நோக்கியல்ல. சிரிக்காதீர்கள் வரதராஜன், எனக்கு முன்னால் ஓடியது நீங்கள்தான்! அறுந்தது பாவு. தையில் கட்டவேண்டிய கல்யாணப் புடவை; தறியோ நிற்கிறது.

“யாரைக் கேக்கறது? ஆளில்லா வண்டியாச்சே!” என்று தெரு கைவிரித்தது. மாட்டுக்கு வழி தெரியும் என்று தட்டி அனுப்பிய கை ஒன்று இல்லையா? மாடு பூட்டிய கை இல்லையா? மூட்டை ஏற்றிய கை இல்லையா?

‘ஆளில்லா’ என்றால் ஏறியவர் இல்லை என்றே பொருள். அனுப்பியவர் இல்லை என்றல்ல! நிலவில் ஊர்ந்தாலும் இதுதான். நாளை ஆளில்லா விமானம் வந்து குண்டு வீசினாலும் இதுதான். நம் தெருவில் உருண்டாலும் இதுதான்! வண்டி ஈட்டும் புகழ் அனுப்பியவருக்கு என்றால், வண்டி அறுத்த இழை யாருக்கு?

தலைவர் என் துண்டை இழுக்கிறார். நேரமாகிவிட்டதோ? இல்லையாம். “வண்டி என்னுதுதான்பா. லோகாம்பாக்கா, காலையில இழை சேக்கறவங்கள கூட்டிக்கினு நானே வரேன்” என்கிறார். உரக்கச் சொல்லுங்கள் ஐயா, அம்மையார் கடைசி வரிசை!

சொல்லிவிட்டார். ஒலிபெருக்கி கேட்டது, ஊர் கேட்டது, அம்மையாரும் தலையசைத்துவிட்டார். இனி நான் பேசினால் தலைவர் மனம் மாறக்கூடும். பொறுத்துக் கேட்ட அனைவருக்கும் நன்றி, வணக்கம்.