வெற்று உறை

அந்த விருந்தில் காபித் தோல் கஷாயத்தில் போட்டது இஞ்சியா, ஏலக்காயா என்று சரியாக நினைவில்லை. மற்றதிலும் சிறு பிழைகள் வரலாம். இருந்தாலும் எழுதிக்கொள்ளுங்கள், பேராசிரியரே. நாட்டின் வரலாற்றை எழுதச் சொன்னவன் நான்தானே.

போரின் ஆறாம் ஆண்டில் தலைநகர் சனாவில் என் வீட்டின்மேல் குண்டு விழுந்தது. நான் அன்று செத்திருந்தால் நாடு ஏழு துண்டாகியிருக்கும் என்று பள்ளிப் புத்தகத்தில் இருக்கிறது. இடிபாட்டிலிருந்து என்னை வெறுங்கையால் தோண்டியெடுத்தவர் எதிர்த்தரப்பு ஷேக் முஜல்லி. அது புத்தகத்தில் இல்லை.

போர் ஓய்ந்ததும் எல்லைத் தகராறுகளைத் தீர்த்துவைக்கப் பதினொரு குலத் தலைவர்களை அழைத்தேன். நம் வழக்கம்தான்: தீர்ப்புக்குக் கட்டுப்படுகிறவன் இடுப்புக் கத்தியை நடுவரிடம் ஒப்படைப்பான். தீர்ப்பு வரும்வரை வெற்று உறையோடு இருப்பவனைப் பரம எதிரியும் தொடமாட்டான். நடுவர் நான். முஜல்லி கடைசியாகக் கொடுத்தார்.

"பத்திரம் தலைவரே. காண்டாமிருகக் கொம்புப் பிடி. உங்க அரண்மனைய வித்தாலும் வராது."

சாப்பிடும்போது அவரே கதையை ஆரம்பித்தார். "இவரைத் தோண்டினப்ப என் தாடியப் பிடிச்சவரு விடவே இல்ல. 'அம்மா, அம்மா'ன்னு ஒரே அழுகை. நான் என்ன பண்றது? 'இருக்கேன்டா மகனே'ன்னு சொல்லிவச்சேன்."

எல்லோரும் சிரித்தார்கள். "அன்னிக்கும் உங்க தாடி நாறுச்சு ஷேக்," என்று நானும் சிரித்தேன்.

ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள் இருக்கக் கூடாது என்று நான் முன்பே முடிவு செய்திருந்தேன். ஒரு நாட்டுக்குப் பன்னிரண்டு தலைகள் ஆகாது. அந்தச் சிரிப்புக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆணையை மட்டும் அதற்குப் பிறகு கொடுத்தேன்.

காவல் தளபதி தயங்கினான். "வெத்து உறையோட இருக்காங்கய்யா. ஊரே காறித் துப்பும்."

நியாயமான பேச்சு. ஆகவே தீர்ப்பைப் படித்தேன். எல்லோருக்கும் தாராளமான தீர்ப்பு. கத்திகளை என் கையாலேயே அவரவர் உறையில் செருகினேன். ஒவ்வொருவரும் என் கன்னத்தில் முத்தமிட்டார். அவர்கள் முற்றத்தில் இறங்கியதும் என் காவலர்கள் சுட்டார்கள். வழக்கம் மீறப்படவில்லை.

பத்துப் பேர் அங்கேயே இறந்தார்கள். முஜல்லி மாலைவரை உயிரோடிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பதினொருவரும் புதிய பாராளுமன்றத்தின் தரைக்கடியில் இருக்கிறார்கள். தளபதி மறு ஆண்டே வண்டியோடு பள்ளத்தில் விழுந்தான். பதினான்கு ஆண்டுகளாக நாட்டில் ஒரு குண்டும் வெடிக்கவில்லை. இடிபாட்டில் நான் அழுததை அறிந்தவர் இன்று உங்களைத் தவிர யாருமில்லை.

இதோ, வாசலில் வாங்கிவைத்த உங்கள் கத்தி. கொஞ்சம் நிமிர்ந்து நில்லுங்கள், நானே செருகிவிடுகிறேன்.