கேட்டு நாயின் ஐடி கார்டு

ஐந்தாம் வகுப்போடு நின்று, சொந்தமாக மூன்று லாரி வாங்கியவன் நான். ஆனாலும் பாகலூரிலிருந்து ஓசூருக்கு டவுன் பஸ்தான். நல்ல பேச்சு அங்கேதான் கிடைக்கும். அன்று முன் சீட்டில் கம்பெனி சீருடையில் இரண்டு பெண்கள்.

"எங்க கம்பெனி கேட்டு நாய்க்கு ஐடி கார்டு மாட்டிட்டேன்க்கா," என்றாள் இளையவள்.

"சம்பளமும் உண்டா?" என்றாள் மற்றவள்.

"சிரிக்காதக்கா. சொறிஞ்சு சொறிஞ்சு முதுகெல்லாம் புண்ணு. ஆறலன்னா எங்கயாச்சும் கொண்டுபோய் விட்டுடுவேன்னாரு சூப்பர்வைசர். மாட்டு டாக்டருகிட்ட காட்டுனேன். அவரு, பிஸ்கட் அதுக்கு ஒத்துக்கல, சோறும் அவிச்ச முட்டையும் மட்டும் போடுன்னாரு. போட்டேன், ஆறவே இல்ல."

"ஏன்டி?"

"காலை ஷிப்டுல நான் நிறுத்துனா, மத்த ரெண்டு ஷிப்டும் கிரீம் பிஸ்கட் போட்டிருக்குது. மெஷின் கோளாற அடுத்த ஷிப்டுக்குச் சொல்லிட்டுப் போறோம். நாயைப் பத்தி யாரு சொல்றா?"

"அதான் கார்டா?"

"ஆமா. 'பிஸ்கட் போடாதீங்க'ன்னு தமிழ், கன்னடம், இந்தி மூணுலயும் எழுதிக் கழுத்துல தொங்கவிட்டேன்."

"இப்ப எப்படி இருக்குது?"

"புண்ணு காஞ்சு முடி முளைக்குதுக்கா. நேத்து சூப்பர்வைசரே டிபன் பாக்ஸ்ல இருந்து ஒரு முட்டைய எடுத்தாரு. குழம்பு போக நல்லாக் கழுவிட்டுத்தான் அதுக்குப் போட்டாரு."