படிக்க முடியவில்லை என்று நான் குறித்த 311ஆம் பக்கம்

பெயர் ரஞ்சிதம், வயது 46, தகப்பனார் காலஞ்சென்ற சவரிமுத்து. கோலார் தங்கவயல், சாம்பியன் பகுதி, பழைய சுரங்கக் குடியிருப்பு, வீட்டு எண் 42இல் மகள் விஜியுடன் வசிக்கிறேன். தொழில், பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு தனியார் கம்பெனியில் டேட்டா என்ட்ரி. எனக்குக் கன்னடம் பேச வரும், எழுதப் படிக்கத் தமிழும் ஆங்கிலமும்தான். ஆகவே நான் கேட்டுக்கொண்டபடி, தமிழ் தெரிந்த காவல் நிலைய எழுத்தர் கோவிந்தன் அவர்கள் இதைத் தமிழில் எழுதிக்கொள்கிறார். யாரும் என்னை அழைத்து வரவில்லை. இன்று 18.11.2024 காலை பத்தரை மணிக்கு நானாகவே பெங்களூரில் உள்ள இந்த நிலையத்துக்கு வந்தேன்.

எங்கள் வேலை பின்வருமாறு. வெளிநாட்டிலிருந்து பழைய கையெழுத்துக் காகிதங்களின் படங்கள் கணினிக்கு வரும். ஒரே பக்கத்தை இரண்டு பேருக்குத் தனித்தனியாகக் கொடுப்பார்கள். இரண்டு பேரும் பார்த்து அடிப்போம். ஒருவர் இரண்டாம் மாடி, மற்றவர் நான்காம் மாடி. ஜோடி யார் என்று சொல்ல மாட்டார்கள், கேட்கவும் கூடாது. இருவர் அடித்ததும் ஒத்துப்போனால் பக்கம் தானாகத் தேறிவிடும். வேறுபட்டால் மட்டும் சரிபார்ப்பவரான உஷா மேடம் படத்தைத் திறந்து பார்ப்பார். இருவருமே 'படிக்க முடியவில்லை' என்ற குறியைப் போட்டாலும் அதுவும் ஒத்துப்போனதாகத்தான் கணக்கு. அப்படிப்பட்ட பக்கத்தை அதன் பிறகு எவரும் திறப்பதில்லை.

2024 ஜனவரியில் ஓர் அமெரிக்கக்காரரின் நாட்குறிப்பு எனக்கு வந்தது. அவர் பெயர் எஸ்ரா வின்லாக். கடலோரச் சிற்றூர் ஒன்றில் 1811இல் தோல் பதனிடுபவரின் மகனாகப் பிறந்தவர். பதினேழு வயதில் ஊர் வங்கியில் தரை கூட்டவும் மைப்புட்டி நிரப்பவும் சேர்ந்து, நாற்பது வயதில் அதே வங்கிக்குத் தலைவரானார். 1857இல் நாடு முழுவதும் வங்கிகள் முடங்கியபோது அவருடையதும் முடங்கியது. அவர் பணம் போட்டவர்களுக்காகச் சொந்த வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு, மனைவியுடன் ஒரு கயிற்றுக் கடையின் மேல்மாடிக்குக் குடிபோனார். அதன் பிறகு நான்கு ஆண்டு கழித்து, அரசாங்கம் மாறியதும், கட்சிக்காரர்கள் அவரை அந்தத் துறைமுகத்தின் சுங்க அதிகாரியாக்கினார்கள்.

அந்த மனிதரோடு நான் எட்டு மாதம் வாழ்ந்தேன். எழுத்தர் இந்த இடத்தில் 'பணி செய்தேன்' என்று எழுதட்டுமா என்றார், வேண்டாம் என்றேன். தினமும் காற்று எந்தத் திக்கிலிருந்து அடிக்கிறது என்று முதலில் எழுதுவார். பிறகு வந்த கப்பல், இறக்கிய உப்பு மீன், வெல்லப்பாகுப் பீப்பாய். பாகில் விரல் விட்டு நக்கிப் பார்த்து, கலப்படம் உண்டா இல்லையா என்று எழுதுவார். ஆறு வயதில் இறந்த மகளின் பெயரை ஒவ்வொரு மார்ச் ஒன்பதாம் தேதியும் எழுதுவார், வேறு ஒன்றும் எழுத மாட்டார். என் வீட்டுக்காரர் போன நாளை நானே இரண்டு வருடம் மறந்தவள். அவரை மனதுக்குள் பெரியவர் என்றுதான் கூப்பிடுவேன்.

அதன் பிறகு, பிப்ரவரி மாதம், என் ஜோடி யார் என்பது எனக்குத் தெரிந்துபோனது. மாரிகுப்பத்திலிருந்து விடியற்காலையில் பெங்களூருக்குப் புறப்படும் ரயிலில் தங்கவயல்காரர்கள் பெட்டிக்குப் பெட்டி ஒரு கூட்டமாகத்தான் போவோம். முதல் ஸ்டேஷனில் ஏறுபவர் துண்டு போட்டு மற்றவர்களுக்கும் இடம் பிடிப்பார். டிபன் டப்பா கைமாறிக்கொண்டே வரும். எங்கள் கூட்டத்தில் டிரேவர் என்பவர் உண்டு, வயது 33, மனைவி ஜெனிஃபர், நான்கு வயதில் ஒரு பெண் குழந்தை. மூன்று வருடத்துக்கு முன், அப்போதிருந்த மேலாளரிடம் சொல்லி, அவரைக் கம்பெனியில் சேர்த்துவிட்டதே நான்தான். ஒருநாள் இட்லியைப் பிட்டுக்கொண்டே அவர், "யக்கா, என் கிழவன் நேத்தும் பாகு நக்கிக்கினு இருந்தான்" என்றார். நான் கையிலிருந்த சட்னியைக் கொட்டிவிட்டேன்.

அன்றே மேலாளரிடம் சொல்லி ஜோடியை மாற்றியிருக்க வேண்டும். நாங்கள் சொல்லவில்லை. கோணல் எழுத்து வந்தால் கிருஷ்ணராஜபுரம் வருவதற்குள் ரயிலிலேயே பேசி முடிவு செய்துகொண்டு, அங்கிருந்து கம்பெனி வண்டி ஏறுவோம். எங்கள் பக்கங்கள் தவறே இல்லாமல் தேறின. ஜூன் மாதம் இருவருக்கும் பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள்.

19.08.2024 அன்று 311ஆம் பக்கம் எனக்கு வந்தது. 1873இல் பெரியவர் எழுதியது, அதற்கடுத்த ஆண்டு அவர் இறந்துவிட்டார். எழுத்து முத்துமுத்தாக இருந்தது. அதில் இருந்த விஷயம் 1866இல் நடந்தது. அறுபது பேர் மட்டுமே ஏறலாம் என்று சட்டம் சொன்ன ஒரு கப்பலில் தொண்ணூற்று நான்கு பேர் ஏறினார்கள். சுங்க அலுவலகக் குமாஸ்தா நேதன் ஹூட் தலை எண்ணிப் பார்த்து, புறப்பாட்டுச் சீட்டு எழுத முடியாது என்று மறுத்தார். கப்பல் முதலாளியோ, வங்கி முடங்கிய நாளில் பெரியவரைக் கைதூக்கிவிட்டவர். ஆகவே பெரியவர் ஐம்பத்தெட்டு பேர் என்று தன் கையாலேயே எழுதிக் கையெழுத்திட்டார். மூன்றாம் நாள் கப்பல் மூழ்கி எழுபத்தொரு பேர் செத்தார்கள். விசாரணைக்கு ஆட்கள் வருவதற்குள் ஹூட் எண்ணிய புத்தகத்தைப் பெரியவர் அடுப்பில் போட்டார். ஹூட் சரியாக எண்ணாமல் சொன்ன கணக்கை நம்பித்தான் பெரியவர் கையெழுத்திட்டார் என்று முடிவாகி, ஹூட்டின் வேலை போய், பெண்டாட்டி பிள்ளைகளுடன் ஊரைவிட்டுப் போய், எங்கோ ஓர் ஏழைகள் விடுதியில் செத்தார். 'ஹூட் சரியாகத்தான் எண்ணினான். எரித்தவன் நான்' என்று அந்தப் பக்கம் முடிகிறது.

நான் சுரங்கத் தொழிலாளியின் மகள். எங்கள் சுரங்கத்தில் பாறை சரிந்தால் பழி யார்மேல் விழும் என்று எனக்குத் தெரியாததல்ல, பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று என் அப்பாவே சொல்லிச் சொல்லிக் காறித் துப்புவார். அப்படியிருந்தும் அன்றைக்கு எனக்கு ஹூட்மேல் இரக்கம் வரவில்லை, பெரியவர்மேல்தான் வந்தது. எட்டு மாதம் கூட இருந்தவர் அவர்தானே! 'படிக்க முடியவில்லை' குறியைப் போட்டுப் பக்கத்தை அனுப்பினேன்.

மறுநாள் ரயிலில் டிரேவர் தன் செல்போனைக் காட்டினார். பணியிடத்துக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, ஆனாலும் என்னிடம் கேட்பதற்காக அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வந்திருந்தார். எங்களுக்குள் நடந்த பேச்சு பின்வருமாறு.

"யக்கா, இத்தப் படிச்சியா?"

"படிச்சேன். குறி போட்டுட்டேன். நீயும் போட்டுடு."

"இன்னாக்கா சொல்ற? எழுத்து பளிச்சுனு கீது. அந்த ஹூட்டு பாவம் இல்லியா?"

"செத்து நூத்தம்பது வருசம் ஆச்சுடா. இப்போ வந்து எந்த ஹூட்டு அழப் போறான்? கடைசி காலத்துல மனசு பொறுக்காம எழுதிட்டுது அந்தப் பெரிய மனுசன். அது மானத்த வாங்கி நமக்கு இன்னா ஆவப் போவுது?"

டிரேவர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அதன் பிறகு, "மனசு ஒப்பலக்கா" என்றார். நான், "நான் சேத்துவிட்ட வேலடா இது. எனக்காக இந்த ஒண்ணு செய்ய மாட்டியா?" என்று கேட்டேன். அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது. "சரிக்கா" என்று மட்டும் சொன்னார். அன்று அவரும் குறி போட்டார், பக்கம் தேறிவிட்டது.

செப்டம்பரில் வேலை முடிந்து அனுப்பப்பட்டது. 04.11.2024 அன்று அமெரிக்காவிலிருந்து புகார்க் கடிதம் வந்தது. எழுதியவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, நேதன் ஹூட்டின் வழியில் வந்தவர். நாங்கள் அடித்த பிரதி இணையத்தில் வெளியானதும், அதில் 'படிக்க முடியவில்லை' என்று கண்டு, மூலப் படத்தைத் தானே திறந்து வாசித்திருக்கிறார். 06.11.2024 அன்று விசாரணை அறையில் மேலாளர் சுனில் அந்தக் கடிதத்தை எனக்குப் படித்துக் காட்டினார். "ஹூட் குற்றமற்றவர் என்று காட்டும் ஒரு பக்கத்தை எங்கள் குடும்பம் ஐந்து தலைமுறையாகத் தேடியது, என் அம்மா போன வருடம்தான் இறந்தார், இது எந்தக் கண்ணுக்குப் படிக்க முடியாமல் போனது" என்று அதில் கேட்டிருந்தார்.

அதற்குள் சோதனையில் டிரேவரின் போனில் அந்தப் படம் அகப்பட்டிருந்தது. ஆகவே அவர்தான் திட்டமிட்டுப் பக்கத்தை மறைத்து, படத்தைத் திருடி வெளியே விற்கப் பார்த்தார் என்று கம்பெனி முடிவு செய்துவிட்டது. என் குறியும் அதே பக்கத்தில் இருந்தும், என்னிடம் படம் எதுவும் இல்லாததால், என்னை நல்ல சாட்சி என்று நினைத்தே கூப்பிட்டார்கள். என் திரையில் எழுத்து எப்படித் தெரிந்தது என்று சுனில் கேட்டார், படம் மங்கலாக வந்தது என்றேன். டிரேவருடன் இந்த வேலையைப் பற்றிப் பேசியதுண்டா என்று கேட்டார். "அவரை எனக்கு முகம் மட்டும்தான் தெரியும் சார்" என்றேன். மூன்று வருடம் அவர் வீட்டுச் சோற்றைத் தின்ற வாய் இது.

மறுநாள் 07.11.2024 அன்று கம்பெனியின் புகாரில் போலீஸ் டிரேவரைக் கைது செய்தது. நான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ரயிலில் அவர் இடத்துக்கு யாரும் துண்டு போடவில்லை. என் மகள் விஜி பி.காம் கடைசி வருடம், என் வேலை போனால் அவள் படிப்பு நிற்கும், நான் உள்ளே போனால் அவளுக்கு யாரும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டிரேவருக்கும் ஒரு மகள் இருப்பதை அந்தப் பத்து நாளும் நான் நினைக்கவே கூடாது என்று இருந்தேன். இதில் பொய் ஒன்றும் இல்லை.

நேற்று 17.11.2024 ஞாயிற்றுக்கிழமை, சர்ச் பூசைக்குக் கிளம்பும் நேரத்தில் ஜெனிஃபர் குழந்தையோடு என் வீட்டுக்கு வந்தார். சண்டை போட வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் வாசலிலேயே நின்று, "யக்கா, வக்கீல் கேக்குறாரு, கூட இருந்தது யாருன்னு சொன்னா ஜாமீன் கிடைக்குமாம். இவரு வாயே தொறக்க மாட்டேங்கறாரு. உனக்காவது தெரியுமாக்கா?" என்று கேட்டார். தெரியாது என்று சொல்ல வாய் திறந்தேன், வார்த்தை வரவில்லை. ஜெனிஃபர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அதன் பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்.

பின்னால் நின்ற விஜி, "எம்மா, அது நீயா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் அழுதாள். என் படிப்புக்காக என்று மட்டும் சொல்லாதே என்றாள். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்துத்தான் ஆக வேண்டும், இன்று காலை அவளே என்னை மாரிகுப்பம் ரயில் ஸ்டேஷன் வரை கொண்டுவந்து விட்டாள்.

ஆகவே நான் கூறுவது யாதெனில், 311ஆம் பக்கத்தை மறைக்க நினைத்தது நான், முதலில் குறி போட்டது நான், டிரேவரைக் கட்டாயப்படுத்திப் போட வைத்தது நான், விசாரணையில் பொய் சொன்னதும் நான். அவர் படம் எடுத்தது என்னிடம் காட்டி நியாயம் கேட்பதற்கு மட்டுமே. அந்தப் பக்கம் எனக்கு மனப்பாடம். ஒரு வரி விடாமல் என் கையால் எழுதி இத்துடன் இணைத்திருக்கிறேன். பெரியவர் இதை எழுதினார், ஆனால் சாகும்வரை யாருக்கும் காட்டாமல் பூட்டி வைத்தார். அந்த அமெரிக்க அம்மா மூலத்தை ஏற்கெனவே வாசித்துவிட்டார், ஆனாலும் இதன் நகலை அவருக்கு அனுப்பும்படியும், இதை மறைத்தவள் பெயர் ரஞ்சிதம் என்று அதில் சொல்லும்படியும் கேட்டுக்கொள்கிறேன்.

எழுத்தர் கோவிந்தன் மேற்கண்ட யாவையும் எனக்கு ஒருமுறை வாசித்துக் காட்டினார். அதில் ஓரிடத்தில், எனக்கு உதவும் எண்ணத்தோடு, 'கவனக்குறைவால் மறைத்தேன்' என்று எழுதியிருந்தார். அந்தச் சொல்லை அடித்துவிட்டு, 'தெரிந்தே' என்று என் கையால் எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டிருக்கிறேன். மற்றபடி எழுதியிருப்பது நான் சொன்னதே, நான் சொன்னது நடந்ததே.

(ஒப்பம்) ச. ரஞ்சிதம்
18.11.2024, பிற்பகல் 1.20